விழாத பந்தை யார் எடுத்தது

செண்பகனூரில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, மார்கழி மாதமென்றால் காலை எட்டு மணிக்குக்கூட உலகம் என்று ஒன்று இருக்காது. எதிர்வீட்டு மதில், மின்கம்பம், ரோடு எல்லாவற்றையும் மேகம் இறங்கி மூடியிருக்கும். உள்ளே மேசைமேல் ஒரு திரை மட்டும் பளீரென்று எரியும். அதில் பத்துப் பேர், எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாத உயரத்துக்காரர்கள், பளபளக்கிற மரத்தரையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓடுவது அமெரிக்காவில். அங்கே இன்னும் நேற்றைய ராத்திரி முடிந்திருக்காது. நாங்கள் இன்றைய காலையில் உட்கார்ந்து, முடியாத அந்த நேற்றைக் கவனித்துக்கொண்டிருப்போம். யோசித்தால் தலை சுற்றும். அதனால் யோசிக்க மாட்டேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. கூடைப்பந்து ஆட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். சம்பளத்துக்கு ஆடும் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டம். யார் எறிந்தான், விழுந்ததா, விழவில்லையென்றால் பந்தை யார் எடுத்தான் (அது ரீபவுண்ட்), யார் கொடுத்து யார் போட்டான், யார் கோட்டைவிட்டான், யார் பறித்தான் (அது ஸ்டீல்). எல்லாம் நடக்க நடக்க ஏற்ற வேண்டும். ஆட்டம் முடியும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு வரி, அணிக்கு ஒரு மொத்தம். அதை உலகம் பூராவும் போனில் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும் என்று எல்லோருக்கும் நினைப்பு. கம்ப்யூட்டருமில்லை, ஒரு மண்ணுமில்லை. சென்னையில் ஒரு கம்பெனி படத்தை அனுப்புகிறது, செண்பகனூரில் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்ட இரண்டு பொம்பளைகள் கணக்கை அனுப்புகிறோம்.

இரண்டு பேர் ஏன் என்றால், ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துச் சொல்ல வேண்டும், இன்னொருத்தி கேட்டு அடிக்க வேண்டும். பார்க்கிறவளே அடித்தால், கீபோர்டைப் பார்க்கிற நேரத்தில் அங்கே ஒருவன் எறிந்து இன்னொருவன் பிடித்து மூன்றாமவன் கீழே விழுந்து கிடப்பான். அதனால் கம்பெனி ஆளை ஜோடியாகத்தான் எடுக்கும். ஜோடி உடைந்தால் வேலை போச்சு. அடிக்கிறவள் நான். மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்தாலும் கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் இருந்தவள். பார்த்துச் சொல்கிறவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் இந்த ஆட்டத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்ததே என் மேசையில்தான்.

அவளைப் பழனியில் கட்டிக் கொடுத்திருந்தது. மலையடிவாரத்தில் பொரிகடலைக் கடை. மாப்பிள்ளையும் அவர் அண்ணன்மாரும் சேர்ந்து நடத்துகிற கடை. கல்யாணமான நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து, பக்தர்களுக்குப் படியில் பொரி அளந்துபோட்டது இவள்தான். அப்புறம் அந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்தாள். பில் போடுகிற மெஷின் வந்தது. பொரி பாக்கெட்டுக்குள் போனது. அளக்க ஆள் எதற்கு என்று மாப்பிள்ளையின் பெரியண்ணன் ஒருநாள் சொல்ல, இவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். பக்கத்தில் நின்ற புருஷன் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"பத்து நாள் இருந்துட்டுப் போறேன் மதினி" என்று பெட்டியோடு வந்து இறங்கினாள். மழைக்காலம் போனது, உறைபனியும் வந்துவிட்டது. பெட்டியை மட்டும் அவள் முழுசாகப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வேண்டிய புடவையை எடுப்பாள், மறுபடியும் பூட்டுவாள்.

அவள் வந்த புதிதில், என்னோடு ஜோடியாக வேலை பார்த்த பெண் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். இவள் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "அந்தா, பதினொண்ணாம் நம்பர் தள்ளிவிட்டுட்டான். யாரும் பாக்கலையா?" என்றாள். நடுவர்கூடப் பார்த்திருக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன், தள்ளித்தான் விட்டிருந்தான். அடேயப்பா, என்ன கண்ணு அது! மறுநாளே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

முதல் நாள் கூத்தை மட்டும் மறக்க முடியாது. ஆட்டம் ஆரம்பித்ததும் கத்தினாள்: "லாபம், மூணு பாயிண்ட், விழுந்திருச்சு!"

"லாபமா? எந்த நம்பர் புள்ள?"

"அதான் லாபம்னு சொல்றேன்ல!"

திரையைப் பார்த்தால், ஒன்றாம் நம்பர் சட்டை. கடையில் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. அவள் வாய்க்கு ஒன்று என்ற எண்ணே வரவில்லை. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என் காதுதான் திருந்தியது. எந்த அணி ஆடினாலும் ஒன்றாம் நம்பர்க்காரன் எங்கள் வீட்டில் லாபம்தான். அவன் பந்தைப் பறிகொடுத்தால், "லாபம் போச்சு மதினி" என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான்தான் சிரிப்பை அடக்க முடியாமல் தப்புத் தப்பாக அடித்து அழிப்பேன்.

அசிஸ்ட் விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. ஒருவன் கொடுத்த பந்தை வாங்கி இன்னொருவன் கூடையில் போட்டால், கொடுத்தவனுக்கு ஒரு அசிஸ்ட். வாங்கினவன் போட்டது விழவில்லையென்றால், கொடுத்தவன் பேருக்கு ஒன்றுமே கிடையாது. இதை அவளால் ஏற்கவே முடியவில்லை.

"நாலு பேரை ஏமாத்தி, அவன் மூஞ்சிக்கு நேரா கொண்டுபோயி குடுத்தான்ல? போடத் தெரியாதது அந்தத் தடிமாடு. இவன் குடுத்தது குடுக்கலைன்னு ஆயிருமா?"

"சட்டம் அதான்."

"நல்லா இருக்கு உங்க சட்டம். தீய வச்சுக் கொளுத்த."

"என்னமோ நான் போட்ட சட்டம் மாதிரி என்கிட்ட பாயுற?"

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் ஆட்டம் இருக்கிறதே. பேசாமலிருந்த அந்த இரண்டு நாளும், "ஏழு, ரெண்டு பாயிண்ட், விழல, ரீபவுண்ட் இருபது" என்று மணிக்கணக்கில் என் காதுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவாள். என் வீட்டுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ரெண்டு பேரும் பேசுறீங்களா பேசலையா?" என்று கேட்டுவிட்டு, டூரிஸ்ட் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் அரைத்தூக்கத்தில் இருந்த மாதிரிதான் இருக்கிறது. வெள்ளனே எழுந்திருப்போம். கருப்பட்டிக் காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு உட்காருவோம். ஜன்னல் இடுக்கு வழியாக மேகம் உள்ளே வந்து விளக்கைச் சுற்றி நிற்கும். திரையில் ஷூக்கள் கீச்சு கீச்சென்று தேயும், ஆயிரக்கணக்கான ஆட்கள் ஓவென்று கத்துவது தூரத்து அருவிச் சத்தம்போல வரும். அவள் குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். என் விரல்கள் தானாக அடிக்கும். நடுவில் நான் எங்கே போனேன் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பூண்டு வயலில் மேகம் படுத்திருப்பதைப் பார்ப்பேன், ஹாஸ்டல் மைதானத்து ஈரத்தில் வழுக்கி விழுவேன், திரும்பி வந்து பார்த்தால் ஒரு குவார்ட்டர், ஆட்டத்தில் கால்வாசி, முடிந்து கணக்குச் சரியாக ஏறியிருக்கும். ஒருதடவை கனவு வந்தது. பெருமாள்மலை டீக்கடையில் அந்தப் பத்துப் பேரும் முதுகில் நம்பரோடு குனிந்து நின்று டீ குடிக்கிறார்கள். கடைக்காரர் ஆச்சரியமே படாமல் சக்கரை போதுமா என்று கேட்கிறார். இவள் ஓரமாக நின்று, யார் எத்தனை மடக்கு குடித்தான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுந்ததும் அவளிடம் சொன்னேன். "லாபம் எத்தனை மடக்கு?" என்றாள்.

ஆனால் எந்த நாளும் அவள் போய்விடலாம் என்பது எனக்குத் தெரியும். பூட்டின பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதே. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவரு வந்து கூப்பிடட்டும் மதினி. கூப்பிடாம நான் போக மாட்டேன்" என்றாள். பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, "கூப்பிட்டாலும் போவேனான்னு தெரியல" என்றாள்.

அவர் வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். வேலை போகும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி, அவள் இல்லாத காலையில் ஒற்றை டம்ளரில் காப்பி ஊற்ற எனக்கு மனசில்லை. எனக்கு உடன்பிறந்த பெண் கிடையாது.

அவர் வந்தது ஒரு கார்த்திகை நட்சத்திர நாளுக்கு மறுநாள், பழனியில் கூட்டம் ஓய்ந்த பிறகு. அன்றைக்கு ஆட்டம் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து ஊரில், அதனால் எங்களுக்கு எட்டு மணிக்குத்தான் தொடங்கியது. மூன்றாவது குவார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அணியும் விட்டுக்கொடுக்காமல் முட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு சும்மா சாத்தியிருந்தது. திடீரென்று குளிர்காற்று முதுகில் அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நிலைப்படியில் மாப்பிள்ளை, தலைமுடியெல்லாம் பனித்துளி, கையில் ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யா.

"அக்கா..." என்றார்.

"ஷ்ஷ்! தம்பி, லைவ் போயிட்டிருக்கு. உக்காருங்க. நம்ம பேசறதும் ரெக்கார்ட் ஆகும்."

இவளைப் பார்த்தேன். திரும்பக்கூட இல்லை. கண் திரையை விட்டு அசையவில்லை. "இருபத்திரெண்டு, ஸ்டீல். லாபம், ரெண்டு பாயிண்ட், விழுந்திருச்சு. அசிஸ்ட் இருபத்திரெண்டு." குரலில் ஒரு நடுக்கம்? கிடையாது. அடி கல்நெஞ்சுக்காரி, என்று மனசுக்குள் சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பொண்டாட்டியின் பின்னந்தலையைப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் பின்னந்தலை. பாவமாகத்தான் இருந்தது. கடைசிக் குவார்ட்டரில், ஒரு விசில் ஊதின இடைவெளியில், "இன்னும் ரெண்டே நிமிசம் தம்பி" என்று நானே ஆறுதல் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கூடைப்பந்தில் இரண்டு நிமிஷம் என்பது யாராவது தும்மினால்கூட நின்றுவிடுகிற கடிகாரம். விசில், ஃப்ரீ த்ரோ, டைம் அவுட், நடுவில் வந்து நடனமாடுகிற பெண்கள், மறுபடியும் விசில்.

"ரெண்டு நிமிசம்னீங்க, ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சிட்டேன்க்கா" என்றார், மேசையோரத்தில் இருந்த எங்கள் காப்பி பிளாஸ்கை மூடிக்கொண்டே. ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் ஒருவன் தூரத்திலிருந்து எறிந்து, பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தபோது, அவரும் "ச்ச" என்றார்.

ஆட்டம் முடிந்தது. இவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இப்போதுதான் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துப் பேசினார்.

"தனியாக் கடை புடிச்சிருக்கேன். அண்ணன்களோட இல்ல. படியேறுற எடத்துக்குக் கிட்டக்கவே. கல்லாவுல ஒக்கார ஆளு வேணும்."

"ஆளு வேணும்னா போர்டு எழுதித் தொங்கவிடுங்க."

"ஆளுன்னா... நீதான்."

"இம்புட்டு நாளு எங்க போயிருந்தீங்க? அன்னிக்கு உங்கண்ணன் சொல்றப்ப பக்கத்துலதான நின்னீங்க? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவர் கொய்யாப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "தப்புதான்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் ஒரு ஆம்பளை பேசி நான் கேட்டதில்லை.

"நான் வரலை. சோலியப் பாத்துட்டுப் போங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கொய்யாப் பையை மேசைமேல் வைத்தார். "கீழ எறங்குற பஸ் வர்ற வரைக்கும் ஸ்டாப்புலதான் இருப்பேன்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வேலையும் இருக்கும், இவளும் இருப்பாள். ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்தேன், தேனாக இனித்தது.

ஆட்டம் முடிந்தால் எங்கள் வேலை முடிந்துவிடாது. கணக்கைச் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அணி மொத்தத்தைப் போட்டதும் திரையில் சிவப்பு விழுந்தது. இந்த ஆட்டத்தில் விழாத பந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீபவுண்ட் இருந்தாக வேண்டும். கூடையில் விழாத பந்து அந்தரத்தில் நிற்காது, யாராவது எடுத்திருப்பான், இல்லையென்றால் வெளியே போய் அணியின் கணக்கில் சேர்ந்திருக்கும். எங்கள் கணக்கில் விழாதது ஒன்று கூடுதலாக இருந்தது, எடுத்தது ஒன்று குறைந்தது.

எங்கள் ஜோடிக்கு இப்படி ஒருநாளும் வந்ததில்லை.

"நான் ஒண்ணும் விடல மதினி" என்றாள் உடனே. "நீங்கதான் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அடிக்காம விட்டிருப்பீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் காதுல விழுந்தது விரலுக்கு வராமப் போகாது. தூக்கத்துல சொன்னாக்கூட அடிப்பேன்."

"அப்ப போட்டுப் பாருங்க."

போட்டேன். படத்தோடு அவள் குரலும் பதிவாகியிருக்கும், தகராறு வந்தால் கேட்பதற்கு. மூன்றாவது குவார்ட்டரில், விழாத பந்துகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் அவள் குரல் வந்தது: "அஞ்சு, ரெண்டு பாயிண்ட், விழல." அப்புறம் ஒன்றுமில்லை. கூடைக்கடியில் ஐந்தாறு பேர் ஒரே குவியலாகக் குதித்தார்கள், ஷூ தேய்ந்தது, கூட்டம் கத்தியது. அவள் குரல் மட்டும் இல்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அதற்கப்புறம்தான் என் நாற்காலி கிறீச்சென்று திரும்பியது. அதற்கும் அப்புறம்தான் "அக்கா" என்ற அவர் குரல் வந்தது.

நான் மறுபடியும் ஓட்டினேன். முதலில் அவள் மௌனம், பிறகு என் நாற்காலி, பிறகு அவர். கதவு திறந்து குளிர்காற்று என் முதுகில் படுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"வெளிய செருப்புக் கழட்டுற சத்தம் கேட்டுச்சு மதினி" என்றாள். "எடது கால் செருப்ப ஒதறித்தான் கழட்டுவாரு. எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாரு."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ் இன்னும் வந்திருக்காது. ஐந்து நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பஸ் போய்விடும். அவர் இன்னொரு தடவை மலையேறி வருவாரா, யாருக்குத் தெரியும்? நாளைக்கு வெள்ளனே இதே நாற்காலியில் இவள் காப்பியோடு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அதுதான் வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

"வெரசாப் போ புள்ள, பஸ்ஸு வந்துரும்" என்றேன். இந்தப் பாழாய்ப்போன வாய் என் பேச்சைக் கேட்கவே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "உங்க வேலை?"

"அத நான் பாத்துக்கறேன். நீ போ. பெட்டிய உங்கண்ணன் வேன்ல கொண்டாந்து குடுப்பாரு."

என்னைக் கட்டிப்பிடித்தாள். ஸ்வெட்டரோடு, குல்லாவோடு, பின்னலைக்கூட முடிந்துகொள்ளாமல் ஓடினாள். வாசல் தாண்டியதும் மேகம் அவளை மூடிவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் ஒரு இடத்தில் நின்றது. வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல், ஆட்டம் சொல்கிற அதே குரல், கேட்டது.

"பன்னெண்டு மதினி! பன்னெண்டாம் நம்பர்தான் எடுத்தான்! நான் பாத்தேன்! போட்டுக்கங்க!"

உள்ளே வந்தேன். பன்னிரண்டாம் நம்பருக்கு நேராக ஒரு ரீபவுண்ட் போட்டேன். சிவப்பு அணைந்தது. கீழே ரோட்டில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் கிளம்பிப் போனது. பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் கணக்கை அனுப்பிவிட்டு, மேசையில் தலைவைத்து வாய்விட்டு அழுதேன்.